ஆகாயத்தில் கொண்டு விட்ட கதை

ஓசூர் ரோஜாப்பூவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பசுமைக் குடிலில் வளர்ந்து, மொட்டாகவே வெட்டுப்பட்டு, குளிரூட்டிய பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, பெங்களூர் வழியாக விமானம் ஏறி அயல் தேசங்களுக்குப் போய்விடும். வழியில் அது அழுவதில்லை; அடம் பிடிப்பதில்லை. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளிப்பதும் இல்லை.

அதே ஓசூரிலிருந்து சென்ற ஐப்பசியில் நாங்களும் ஒரு புஷ்பத்தை ஆகாய மார்க்கமாகக் கொண்டு போனோம். வயது ஐந்து மாதம். எடை ஆறரைக் கிலோ. என் தங்கையின் பெண்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நமக்குப் பழகிய வழக்கம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து, தாயையும் குழந்தையையும் புகுந்த வீட்டில் கொண்டு விடுவார்கள். அந்தக் காலத்தில் புகுந்த வீடு பாகலூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ இருக்கும். காலையில் வண்டி கட்டினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கொலுசு, அரைஞாண், தொட்டில், பலகாரக் கூடை என்று சீரும், அதைச் சுமக்க நாலு உறவுக்காரர்களும் உடன் போவார்கள். குழந்தையைத் தூக்கப் பத்துக் கைகள் இருக்கும்.

இப்போது புகுந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஓசூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டுக்கு 2010ஆம் வருஷம் முதல் உத்தராகண்டத்துப் பந்த்நகரிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. அந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ ஆலைகள். இமயமலை அடிவாரத்தில் மாப்பிள்ளைக்கு வேலை; கெலவரப்பள்ளி அணைக்கு இந்தப் பக்கம் மாமியார் வீடு. என்ன செய்வது?

"ரயிலில் போனால் என்ன? பச்சைக் குழந்தையை யாராவது ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போவார்களா?" என்றாள் அம்மா.

ரயில் என்றால் டில்லிக்கே ஒன்றரை நாள்; அதற்கு மேலும் வழி இருக்கிறது. விமானத்தில் டில்லி மூன்று மணிக்கும் குறைவு. டாக்டரிடம் கேட்டோம். நிறைமாதத்தில் பிறந்து ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை ஐந்து மாதத்தில் தாராளமாகப் பறக்கலாம் என்றார். சளியோ காது வலியோ இருந்தால் மட்டும் பிரயாணத்தைத் தள்ளிப் போடச் சொன்னார். குறைமாதக் குழந்தையென்றால் முதலிலேயே அவரைக் கேட்டாக வேண்டுமாம்.

டிக்கெட் வாங்குவது சிரமமில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தை பெரியவர் மடியிலேயே போகலாம். உள்நாட்டுப் பிரயாணத்தில் அதற்கென்று ஒரு சிறு கட்டணம் உண்டு. ஆனால் டிக்கெட்டில் குழந்தையின் பெயரும் ஏற வேண்டும். பிறந்த தேதிக்கு அத்தாட்சியாகப் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். பிறந்து சில நாள்களே ஆன சிசுவை விமானக் கம்பெனிகள் ஏற்றுவதில்லை. எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், கேட்டுக்கொள்வது நல்லது.

அம்மா தயார் செய்த பையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வசம்பு, ஓமத்திரவம், கிரைப் வாட்டர், மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரர் விபூதி, போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த சளி மருந்து ஒரு புட்டி. "இதில் கால் ஸ்பூன் கொடுத்தால் டில்லி வரைக்கும் குழந்தை தூங்கும்" என்பது அவர் கண்ட அனுபவம். நல்லவேளை, டாக்டரைக் கேட்டோம். தூங்க வைப்பதற்காக மருந்து கொடுக்கவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். மூச்சுக்கு ஆபத்து வரலாம். சில குழந்தைகள் அதைக் குடித்தால் தூங்குவதற்குப் பதில் இன்னும் பரபரப்பாகி விடுமாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். பையில் விபூதி மட்டும் மிஞ்சியது. மற்ற இடத்தில் துணிகளும், ஒரு குல்லாயும், சாக்ஸும், என் தங்கைக்கு ஒரு மாற்றுப் புடவையும் போயின. குழந்தைக்கு மாற்றுத் துணி வைக்கும் எல்லோரும் தாய்க்கு வைக்க மறந்துவிடுகிறோம். மடி நனைந்தால் அப்புறம் வழி முழுதும் ஈரந்தான்.

அதிகாலை நான்கு மணிக்கு டாக்சி ஏறினோம். ஓசூருக்கே ஒரு சர்வதேச விமான நிலையம், இரண்டாயிரம் ஏக்கரில் வரப்போகிறது என்று 2024 ஜூனில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தாரல்லவா? அது வருகிறபோது வரட்டும். எங்களுக்குத் தேவனஹள்ளிதான் கதி. அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று பெங்களூரைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தாக வேண்டும்.

ஹெப்பாளைத் தாண்டியதும் ஜக்கூர் விமானப் பயிற்சித் திடல் வந்தது. உஷா சுந்தரம் என்ற பெண்மணி 1949ல் விமானியாகத் தேர்ச்சி பெற்றது இங்கேதான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவளுடைய பயத்தைக் குறைக்க வேண்டுமென்று இன்னொன்றும் சொன்னேன். 1936ல் சரளா தக்ரால் தன்னந்தனியாக விமானம் ஓட்டியபோது அவருக்கு வயது 21. வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை.

"சரி, அவள் மேலே போயிருந்தபோது குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டாள் அம்மா.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

நிலையத்துக்குள் ஒரு தொல்லையும் இல்லை. குழந்தைக்கென்று கொண்டுபோகும் பாலையும் கஞ்சியையும் பரிசோதனை செய்துவிட்டு அனுமதித்து விடுகிறார்கள். துணி மாற்றவும் பால் கொடுக்கவும் தனி அறை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015ல் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கு அறை திறந்தார்களே, அதைப் போல. விமானம் ஏறுவதற்குச் சற்று முன்பு அங்கே போய்க் குழந்தையின் துணியை மாற்றிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆகாயத்தில் அறை கிடையாது. நமக்கு முந்தானைதான். ஆகையால் என் தங்கையை ஜன்னலோரம் உட்கார வைத்து, நடுவில் அம்மாவும், நடைபாதை ஓரத்தில் நானும் அமர்ந்தோம்.

எங்கள் வரிசையைப் போலவே பின் வரிசையிலும் கைக்குழந்தையோடு ஒரு வடநாட்டுப் பெண். என் இடத்துக்கு வந்து என் தங்கையோடு பேசிக்கொண்டு போகலாமா என்று ஆசையோடு கேட்டாள். விமானப் பணிப்பெண் சம்மதிக்கவில்லை. காரணத்தைக் கேட்டபோது தலைக்கு மேலே காட்டினாள். அவசரத்தில் விழும் ஆக்ஸிஜன் முகமூடிகள் பெரும்பாலான விமானங்களில் மூன்று இருக்கைக்கு நான்குதான் இருக்குமாம். மூன்று பெரியவர்களுக்கு மூன்று; மடிக்குழந்தைக்கு ஒன்று. இரண்டு மடிக்குழந்தைகள் ஒரே வரிசையில் இருந்தால் ஐந்தாவதுக்கு எங்கே போவது?

பிறகு அவள் ஒரு சிறு பெல்டைக் கொண்டுவந்து, அதன் வளையத்தைத் தாயின் பெல்டில் கோத்து, குழந்தையின் இடுப்பில் மாட்டினாள். குனிந்து என் தங்கையிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் குழந்தைக்கு."

நான் தமிழில் சொன்னதும் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நன்றாயிருக்கிறதே நியாயம்! குழந்தை தவிக்கும், பெற்றவள் தான் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாளாக்கும்!"

எல்லாத் தாய்மாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கணக்கு வேறு. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால், ஆக்ஸிஜன் இல்லாமல் ஒருவருக்குத் தெளிந்த புத்தி இருப்பது ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான். திமிறும் குழந்தைக்கு மாட்டுவதற்குள் தாய் மயங்கிவிட்டால் அதன் முகமூடியைச் சரிசெய்ய யார் இருக்கிறார்கள்? தாய் முதலில் மாட்டிக்கொள்ளச் சில விநாடிகள் போதும். அதற்கப்புறம் குழந்தைக்கு நிதானமாக மாட்டலாம். அம்மா இதைக் கேட்டுக்கொண்டாளே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

ஏறும்போது குழந்தை பால் குடித்தது. அப்படியே தூங்கிப் போயிற்று. சாப்பாடு வந்தது. குழந்தை விழித்துக்கொள்ளும் என்று என் தங்கை தொடவில்லை. தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டி வருமென்று அதையும் குடிக்கவில்லை. முன்தினம் இரவு மூட்டை கட்டுகிற மும்முரத்தில் அரைகுறையாகச் சாப்பிட்டதோடு சரி. நாங்களும் குழந்தை தூங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோமே ஒழிய, அவள் தட்டைப் பார்க்கவில்லை.

டில்லி நெருங்கியது. விமானம் இறங்கத் தொடங்கியதும் குழந்தை வீரிட்டு எழுந்தது.

இந்த அழுகைக்குக் காரணம் இருக்கிறது, சகோதரிகளே. ஏற்காடு மலையிலிருந்து பஸ் இறங்கும்போது உங்கள் காது அடைத்துக்கொண்டதில்லையா? விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலைக்காற்றைப் போல இருக்கும். உதகமண்டலத்தில் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டில்லியோ சுமார் எழுநூறு அடி. அவ்வளவு உயரத்தையும் அரை மணியில் இறங்க வேண்டும். நாம் எச்சிலை விழுங்குகிறோம்; கொட்டாவி விடுகிறோம்; தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் சிறு குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. குழந்தைக்கோ அந்தக் குழாய் குட்டை, குறுகல். விழுங்க வேண்டுமென்று அதற்குத் தெரியவும் தெரியாது. தூங்கும்போது விழுங்குவது இன்னும் குறைவு. ஆகையால் இறங்கத் தொடங்கும்போதே மெல்ல எழுப்பிப் பால் கொடுத்துவிட வேண்டும். உறிஞ்சி விழுங்கினால் காது திறந்துகொள்ளும். கொஞ்சம் பெரிய குழந்தைக்குப் பாட்டிலோ சூப்பானோ போதும்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுப்ப மனம் வரவில்லை. இப்போது கதறும் குழந்தை மார்பைப் பற்ற மறுத்தது. முன் இருக்கைக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். யாரோ நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். என் தங்கைக்கு நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. "பால் வரவில்லை, அக்கா" என்றாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

பெல்ட் போட்டுக்கொள்ளும்படி விளக்கு எரிந்தாகிவிட்டது. எங்களால் எழ முடியாது. கடைசித் தடவையாக வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்த அந்தப் பணிப்பெண், குழந்தையைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தாள். உடனே போய் ஒரு தம்ளர் பழரசம் கொண்டுவந்து நீட்டினாள். "முதலில் நீங்கள்" என்றாள்.

அமெரிக்காவில் 1930ல் வேலைக்குச் சேர்ந்த முதல் விமானப் பணிப்பெண் எலன் சர்ச் ஒரு நர்ஸ் என்று படித்திருக்கிறேன். இந்தப் பெண் நர்ஸ் இல்லைதான். ஆனாலும் அந்தத் தொழிலின் வாசனை எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குழந்தையை மடியில் அணைத்தபடியே என் தங்கை குடித்தாள். அம்மா தன் சால்வையை விரித்துத் திரை போலப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெருமூச்சு வந்தது. பசியும் பதற்றமும் இருந்தால் பால் சுரந்து இறங்கத் தயங்கும் என்பது டாக்டர்கள் சொல்வது. நம் பாட்டிமார்களும் அறிந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தை இரண்டு முறை தேம்பிவிட்டுக் குடிக்க ஆரம்பித்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது அது முழித்து முழித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன் இருக்கைக்காரர் மூன்றாம் முறை திரும்பினார். இந்தத் தடவை கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். இறங்கும் நேரத்துக் காது வலி அவருக்குத் தெரிந்திருந்தால் முதல் முறையே சிரித்திருப்பாரோ என்னவோ.

டில்லியிலிருந்து காரில் பந்த்நகர் போய்ச் சேர இரவாகிவிட்டது. அங்கே நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நாலைந்து, தமிழும் கன்னடமும் தெலுங்குமாக, ஆரத்தியோடு காத்திருந்தன. "குழந்தையைக் கொடுங்கள், குழந்தையைக் கொடுங்கள்" என்று எல்லோரும் கை நீட்டினார்கள். பால் கொடுத்தாயா, குளிப்பாட்டினாயா, ஏன் இளைத்திருக்கிறது என்று ஆளுக்கொரு கேள்வி.

அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஒரு தட்டில் சாதத்தோடு வந்தாள்.

"குழந்தை எங்கேயும் ஓடிப் போய்விடாது. முதலில் பெற்றவள் சாப்பிடட்டும்" என்றாள். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஏரோப்ளேனிலேயே அப்படித்தான் சட்டம்" என்றாள்.