ஏழுக்கு இரண்டு நியாயமா?

“அவர் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சா போதும், நான் ஏழு ஜெயிக்கணுமா? இது என்னங்க நியாயம்?”

பூல் லீக்கில் புதிதாகச் சேரும் திறமைசாலிகள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. வாரம் ஒரு மாலை, அலுவலகம் முடிந்து மேசையைச் சுற்றி நிற்கும் எங்கள் கூட்டத்திலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேள்வியில் தவறில்லை. ஆனால் பதில் சுவாரசியமானது.

குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ‘ஹேண்டிகேப்’ புதிதல்ல. வேகமான குதிரையின் சேணத்தில் கூடுதல் எடை வைப்பார்கள். கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடும்வரை சிங்கப்பூரர்கள் பார்த்துப் பழகிய வழக்கம்தான். கோல்ஃப் ஆடும் உங்கள் மேலதிகாரிக்கும் ஒரு ஹேண்டிகேப் எண் இருக்கும்.

பூல் ஆட்டத்தில் இதைப் பெரிய அளவில் பரப்பியவர்கள் டெரி பெல், லாரி ஹப்பார்ட் என்ற இரு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள். 1979இல் அவர்கள் தொடங்கிய லீக்தான் இன்றைய அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன். அங்கே எட்டுப் பந்து ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை ஒரு தர எண் உண்டு. 7ஆம் தரக்காரரும் 2ஆம் தரக்காரரும் மோதினால், முன்னவர் 7 ஆட்டம் வெல்ல வேண்டும். பின்னவருக்கு 2 போதும். எங்கள் லீக்கும் இதே வழியில்தான் நடக்கிறது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஐந்து ஆட்டத்தில் நான்கை வெல்லக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். சலுகை ஏதுமின்றி ‘முதலில் 5 ஜெயிப்பவருக்கே வெற்றி’ என்று வைத்தால், 100 போட்டிகளில் ஏறக்குறைய 98 அவருக்கே போகும். எதிராளி காசு கட்டி வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதையே 7க்கு 2 என்று மாற்றினால், அவர் எட்டு ஆட்டத்தில் ஒன்றுக்கு மேல் தோற்கக்கூடாது. அப்போது அவருடைய வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது.

திறமையானவரின் திறமையை யாரும் பறிக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர்தான் பலசாலி. முடிவு மட்டும் முன்கூட்டியே தெரிவதில்லை. ஆட்டம் ஆட்டமாக இருப்பதற்கு அதுதானே வேண்டும்?

இந்த ஏற்பாடு முழுக்க ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண் பொய்யானால் எல்லாமே பொய்.

வேண்டுமென்றே மோசமாக ஆடித் தர எண்ணைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, முக்கியமான போட்டியில் முழுத் திறமையைக் காட்டுவதை ‘சாண்ட்பேகிங்’ என்பார்கள். இதைத் தடுக்கவே லீக்கில் வெற்றி தோல்வியோடு மற்றதையும் குறிக்கிறார்கள். இருவரும் ஒருமுறை மேசைக்கு வந்து போனால் அது ஓர் இன்னிங்ஸ். நல்ல ஆட்டக்காரர் குறைந்த இன்னிங்ஸில் ஆட்டத்தை முடிப்பார். பந்தைக் குழியில் போடும் எண்ணமே இல்லாமல் அடித்தால் அதைத் தற்காப்பு அடி என்று தனியாகக் குறித்து, கணக்கில் கழித்துவிடுவார்கள். இரண்டு அணியும் தனித்தனியே குறிப்பெடுக்கும். ஆனாலும், மயிரிழையில் தவறிய பந்து தானாகத் தவறியதா, தவறவிடப்பட்டதா என்பது அடித்தவரின் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

சோதனை வெளியிலிருந்துதான் வரும் என்றில்லை. அணியில் ஆடும் ஐவரின் தர எண்களைக் கூட்டினால் 23ஐத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி உண்டு. திறமைசாலிகள் எல்லாரும் ஒரே அணியில் சேர்ந்துவிடாமல் இருக்க நல்ல விதி. ஆனால் அதற்கு ஒரு கூர்மையான முனையும் இருக்கிறது.

எங்கள் அணி 7, 5, 4, 4, 3 என்று சரியாக 23இல் நின்றது. அந்த 5 நான். 3 என்பது எங்களில் இளையவர், கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண். கியூவைச் சரியாகப் பிடிக்கவே தெரியாமல் வந்தவர், சனிக்கிழமைதோறும் தனியாகப் பழகி ஒரே பருவத்தில் 4ஐத் தொட்டு, 5ஐ நெருங்கினார். அவர் 5 ஆனால் எங்கள் கூட்டுத்தொகை 25.

அணித்தலைவர் அவரை ஓரமாக அழைத்து, “ரெண்டு வாரம் கொஞ்சம் மெதுவா ஆடும்மா, பருவம் முடியட்டும்” என்றார். கெட்ட மனிதர் அல்ல. அணி சிதறக்கூடாது என்ற கவலை.

“அப்புறம் எதுக்குண்ணே நான் சனிக்கிழமையெல்லாம் பழகுறேன்?” என்றார் அந்தப் பெண்.

தலைவரிடம் பதில் இல்லை. எங்களில் யாரிடமும் இல்லை. அடுத்த வாரம் அவர் ஒளிக்காமல் ஆடினார், 5 ஆனார். பதிவுப் பட்டியலில் இருந்த இன்னொரு 3ஆம் தரக்காரரை உள்ளே கொண்டுவந்து, நானும் அவரும் வாரம் மாற்றி வாரம் உட்கார்ந்தோம். கூட்டுத்தொகை மீண்டும் 23. அந்தப் பருவத்தில் நாங்கள் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு உண்டு, தலைவருக்குக் கூடுதலாக.

2012 லண்டன் ஒலிம்பிக் நினைவிருக்கிறதா? அடுத்த சுற்றில் சாதகமான எதிரணி கிடைக்க வேண்டுமென்று தோற்க முயன்ற நான்கு பெண்கள் இரட்டையர் பூப்பந்து ஜோடிகள் வெளியேற்றப்பட்டன. உலகத் தரத்திலேயே அந்த ஆசை வருகிறது என்றால், வெள்ளிக்கிழமை இரவு லீக்கில் வராதா? விதிகளை இன்னும் இறுக்கலாம்தான். ஆனால் முன்னேறியவர் தன் முன்னேற்றத்துக்காக வெட்கப்படும் சூழலை எந்த விதியாலும் சரிசெய்ய முடியாது. அதை அணிதான் சரிசெய்ய வேண்டும்.

நீங்கள் ஒரு லீக்கில் சேர நினைத்தால் என் யோசனை இதுதான். குறைந்த எண் கிடைத்தால் அதைப் பிச்சை என்று நினைக்காதீர்கள். இன்று நீங்கள் நிற்கும் இடம் அது, அவ்வளவுதான். கூடுதல் எண் கிடைத்தால் தண்டனை என்று முணுமுணுக்காதீர்கள். உங்கள் உழைப்புக்கு லீக் தரும் சான்றிதழ் அது. சேருவதற்குமுன் அணித்தலைவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: “என் எண் ஏறினா, இந்த அணியில எனக்கு இடம் இருக்குமா?”