பிழைத்தான், பிழைப்பு எங்கே?



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறியோர் அறிவர்: அங்கே உழைப்பென்றாலே ஏற்றம்தான். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏணி ஏறவேண்டும். மரவள்ளி மூட்டையைத் தோளில் சுமக்கவேண்டும். அந்த உழைப்பாளி இதய அறுவை முடிந்து திரும்பினால் அவன் நிலை என்ன?

1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன், இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை வெற்றியுடன் முடித்தார். அன்று அரிதாயிருந்த இதய அறுவை, 2009இல் தொடங்கிய தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டால் ஏழைக்கும் எட்டிற்று. மகிழ்கிறோம்! ஆனால், பிளந்த நெஞ்செலும்பு நன்கு கூட ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். அதுவரை பாரம் தூக்கலாகாது. நெஞ்சு பொறுக்கும், அடுப்பு பொறுக்குமா?

ஆலைத் தொழிலாளிக்கு 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் நோய்க்காலத்தில் 91 நாள்வரை உதவித்தொகை அளித்தது. அது பெறுங்காலத்தில் வேலைநீக்கம் கூடாதென முதலாளியின் கையையும் கட்டிற்று. சிறு தோட்டத்து நாட்கூலிக்கு அந்த அரண் எங்கே? உயிரை மீட்கச் செலவிடும் அரசு, ஓய்வுக்கால ஊதியத்தையும் அவனுக்கு உறுதி செய்தல் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருப்பதா? மிளகு உலர்த்துதல், தரம் பிரித்தல், நாற்றுக்கு நீர் வார்த்தல் என இலகுவான பணிகள் உண்டு. மருத்துவர் இசைவு தந்ததும் அவற்றில் அவனை அமர்த்துமாறு தோட்டக்காரரிடம் வாதாடுங்கள். அவன் கேட்பது இரக்கமன்று, வேலை! துடிக்கும் இதயத்துக்கு உழைக்கும் உரிமையும் உண்டென்று முழங்குவோம்!