பூட்டை விற்றவன் சாவியையும் கொடுக்கட்டும்

ஒரு நூற்பாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்ட். ஐரோப்பாவில் செய்த, 30 வருஷத்து மெஷின் ஒன்று நின்றுவிட்டது. மோட்டாரில் கோளாறு இல்லை. பேரிங் சரியாக இருக்கிறது. மெஷினுக்கு மூளையான பிஎல்சி மட்டும் கண் திறக்க மாட்டேன் என்கிறது. எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து பார்க்கிறார். சீமென்ஸ் எஸ்5! அவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

காலையில் மேனேஜர் வந்து என்ன சொல்லப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். "பழசாயிடுச்சுப்பா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

உண்மையில் பழசாகிப் போனது எது?

(பிஎல்சி தெரியாதவர்களுக்கு: சுவிட்ச், சென்சார் தரும் சிக்னலைப் பார்த்து, எந்த மோட்டார் எப்போது ஓடவேண்டும், எந்த வால்வு எப்போது திறக்கவேண்டும் என்று முடிவு செய்யும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்.)

எஸ்5 அறிமுகமானது 1979இல். 1990களின் நடுவில் எஸ்7 வந்தபிறகு படிப்படியாக ஓரங்கட்டப்பட்டது. இன்று கம்பெனியிடம் புதிதாகக் கிடைக்காது. ஆனால் மாடு மாதிரி உழைக்கும் சாமான் அது. வயதானால் முதலில் கைவிடுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் நாளாக நாளாகக் காய்ந்துவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்.

இன்னொன்று, ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. கரண்ட் இல்லாத நேரத்தில் ராம் நினைவகத்தில் இருக்கும் புரோகிராமைக் காப்பது அதுதான். இதை மாற்றும்போது பவர் ஆன் செய்தே இருக்கவேண்டும். நல்ல எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் கை வைப்பார். இங்கே அப்படிச் செய்தால் புரோகிராம் போச்சு! இபிராம் சிப்பில் ஒரு பிரதி இருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் முழு மெஷினும் காயலான் கடைக்கு.

சரி, புரோகிராமைத் திரும்ப ஏற்றினால் ஆயிற்று என்பீர்கள். அங்கேதான் பூட்டு தொங்குகிறது.

ஏற்றுவதற்கு ஸ்டெப் 5 என்ற சாப்ட்வேர் வேண்டும். அது டாஸ் காலத்துச் சரக்கு. பிஎல்சியோடு அது பேசுவது 20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப் வழியாக. இன்றைய எந்த லேப்டாப்பிலும் அப்படி ஒரு துளை கிடையாது, தனிக் கன்வர்ட்டர் வேண்டும். கஷ்டப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிஎல்சியிலிருந்து புரோகிராமை உருவி எடுத்தாலும் அதில் விளக்கக் குறிப்புகள் இருக்காது. எந்த இன்புட்டுக்கு என்ன பெயர், எந்த டைமர் எதற்கு என்பதெல்லாம் எழுதியவரின் டிஸ்க்கோடு தங்கிவிட்டது. கையில் கிடைப்பது வெறும் எண்களும் எழுத்துகளும்தான். தலைப்பே இல்லாத கணக்கு நோட்டு மாதிரி.

அமெரிக்காவின் ஆலன்-பிராட்லி பிஎல்சி-5 கதையும் இதே ஜாதகம்தான். 1980களில் வந்தது. 2017இல் விற்பனை நிறுத்தம். அதன் சாப்ட்வேர் உரிமம் ஒரு காலத்தில் பிளாப்பியில் வந்தது. பிளாப்பி கெட்டால் உரிமத்துக்கும் ஆபத்து!

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? பிஎல்சி பிறந்ததே சுலபமாக ரிப்பேர் செய்யத்தான். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, அறை அறையாக நின்ற ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டது. தொழிற்சாலையிலேயே எளிதில் மாற்றி எழுத முடியவேண்டும், எளிதில் பழுதுபார்க்க முடியவேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனைகளில் முக்கியமானது. டிக் மோர்லியின் குழு மோடிகான் 084ஐ உருவாக்கியது. லேடர் லாஜிக் என்ற ஏணிப்பட மொழி பிடித்துப்போனதற்குக் காரணமே, ரிலே சர்க்யூட் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு அது புரியும் என்பதுதான். யாருக்காகப் பிறந்ததோ, அவனையே இன்று வெளியே நிற்கவைத்துவிட்டது!

வெளியே நிற்பவன் என்ன செய்வான்? செகண்ட் ஹேண்ட் சந்தைக்குப் போவான். கழற்றிய மாட்யூலைக் கழுவி, புது லேபிள் ஒட்டி, "புதுசு சார்" என்று விற்பவர்கள் அங்கே உண்டு. இதில் ஏமாறுபவர்கள் சின்ன மில்காரர்கள் மட்டும் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்க ராணுவத்துக்கான சப்ளையில் நுழைந்த போலி எலக்ட்ரானிக் பாகங்கள் பற்றி அந்நாட்டு செனட்டின் ராணுவக் குழு விசாரித்து 2012இல் அறிக்கை தந்தது. சந்தேகத்துக்குரிய பாகங்கள் 10 லட்சத்துக்கு மேல்! பென்டகனுக்கே இந்தக் கதி என்றால் பல்லடத்து மில் எம்மாத்திரம்?

கம்பெனிகள் சொல்லும் பதில்களைப் பார்க்கலாம்.

"புதுசுக்கு மாறுங்கள்." மாறலாம். ஆனால் செலவு பிஎல்சி பெட்டியோடு முடிவதில்லை. நூற்றுக்கணக்கான வயர்களை மாற்றவேண்டும், புரோகிராமைத் திரும்ப எழுதவேண்டும், சோதிக்கவேண்டும், அதுவரை மெஷின் நிற்கவேண்டும். அப்படிச் செலவழித்து எஸ்5ஐத் தூக்கிவிட்டு எஸ்7-300 போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 2023 அக்டோபரில் அந்த எஸ்7-300க்கும் விடைகொடுக்கும் வேலை தொடங்கியது. ஸ்பேர் 10 வருஷம் கிடைக்குமாம். அதற்கப்புறம்? மறுபடி முதலிலிருந்து!

"ரகசியத்தை வெளியிட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து." 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ், அப்போது விற்பனையில் இருந்த எஸ்7 கன்ட்ரோலர்களுக்குள்தான் புகுந்தது. ரகசியம் திருடனைத் தடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கும் எலக்ட்ரீஷியனை மட்டும் நன்றாகத் தடுக்கிறது.

"தெரியாதவர்கள் ரிப்பேர் செய்தால் விபத்து நடக்கும்." நடக்கும்தான். ஆனால் படம் கொடுக்காவிட்டால் ரிப்பேர் நின்றுவிடுமா? இருட்டில் தடவித் தடவி நடக்கும். எது அதிக ஆபத்து?

எந்தக் கம்பெனியும் ஒரே பொருளை 50 வருஷம் தயாரிக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான். "இனி சப்போர்ட் கிடையாது" என்று அறிவிக்கும் அதே நாளில், அதன் புரோகிராமிங் சாப்ட்வேரை உரிமப் பூட்டு இல்லாமல் கொடுங்கள். பிஎல்சியோடு பேசும் முறையை வெளியிடுங்கள். பவர் சப்ளையின் சர்க்யூட் படத்தைக் கொடுங்கள். விற்கவே போவதில்லை என்று சொன்ன பொருளின் ரகசியத்தால் இனி என்ன லாபம்?

சட்டம் கைகொடுக்குமா என்றால், அதுவும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. இந்திய அரசு 2022இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் இருப்பவை நாலு துறைகள்: விவசாயக் கருவிகள், மொபைலும் எலக்ட்ரானிக்ஸும், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த உத்தரவும் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் வாங்கும் நுகர்வோருக்குத்தான். வாஷிங் மெஷினுக்குக் கிடைக்கும் மரியாதை, 200 பேருக்குச் சோறு போடும் மெஷினுக்குக் கிடையாதா? ஐந்தாவது துறையாகத் தொழிற்சாலை இயந்திரங்களைச் சேர்ப்பதில் என்ன தயக்கம்?

முதலாளிகளும் யோக்கியர்கள் இல்லை. மெஷின் வாங்கும்போது விலையைப் பேசுவார்கள், தவணையைப் பேசுவார்கள். புரோகிராமின் பிரதியையும் குறிப்புகளையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கவேண்டும் என்று ஆர்டரில் ஒரு வரி எழுதமாட்டார்கள். 20 வருஷம் அந்த பேனலோடு குடித்தனம் நடத்திய எலக்ட்ரீஷியன் ரிட்டயர் ஆகும்போது ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுவார்கள். அவர் தலைக்குள் இருந்த மேனுவலும் அவரோடு பஸ் ஏறிவிடும்.

காசு கொடுத்து வாங்கிய மெஷின். அதைத் திறந்து பார்க்கவும், சரிசெய்யவும், இன்னும் 10 வருஷம் ஓட்டவும் முடியாது என்றால், அது வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா? வாடகைக்குத்தான் என்றால் பில்லிலேயே அப்படி எழுதிக் கொடுத்துவிடட்டும்!