மடற்பனையும் பிடியரிசியும்

மன்னார்த் தீவிலே பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைக் காணாதார் சிலரே. ஆபிரிக்காவிலே பிறந்த இனம்; அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். வந்த மரம் இம்மண்ணிலே வேரூன்றி நின்றது. கல்வித்தொண்டு புரியவென்று இக்கரைக்கு வருவோரைக் காணுந்தோறும் எனக்கு அம்மரத்தின் நினைவே எழுகின்றது.

யான் கரையோரச் சிற்றூர் ஒன்றிலே சனிக்கிழமைதோறும் கூலியின்றித் தமிழ் கற்பித்து வருகின்றேன். பிள்ளைகள் மதிநுட்பம் வாய்ந்தவர்கள். ஆயின் காற்று மாறினால் வகுப்பும் கலைந்துவிடும். சோளகம் ஓய்ந்து வாடை எழுந்தால் தந்தை வேறொரு கரையிலே வாடி அமைப்பான். குடும்பமும் உடன் பெயரும். வேற்றுமையுருபோடு விட்டுச்சென்ற சிறுவன், சில திங்கள் கழித்து மீளும்போது வகுப்புப் புணர்ச்சி விதிக்கு வந்திருத்தல் கண்டு திகைப்பான். அடுத்த கிழமை அவன் வாரான். பதிவேட்டிலே 'இடைவிலகல்' என்று எழுதுகின்றோம். விலகியவன் அவனா, பாடமா?

முசலிப் பக்கத்து நிலை இன்னும் வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களிலே வளர்ந்தனர். 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டவருள்ளும் பலர் இரண்டு ஊருக்கும் இடையிலேயே வாழ்கின்றனர். ஈரூர்ப் பிள்ளைக்கு எந்த ஊரிலே தொடர்ந்த படிப்பு?

இலவசக் கல்வி 1945 முதல் நமக்கு உண்டு. பாடநூல்கள் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் அரசினால் வழங்கப்பட்டன. பல்கலைக்கழக அனுமதியிலே மன்னார் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டுச் சலுகையும் பெறுகின்றது. அச்சலுகை வாயிலை எட்டுமுன்னர், ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே கழிந்துபோவார்க்கு அதனால் ஆவதென்ன? விடுபட்ட பாடத்தை அருகிருந்து மீளச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆளே அவர்க்கு வேண்டும்.

சில ஆண்டுகட்கு முன் வெளியூர்க் குழுவொன்று எங்கள் வகுப்புக்கு வந்தது. அப்பியாசக் கொப்பிகள் கொடுத்தார்கள், நல்ல கொப்பிகளே. ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியை மார்போடு அணைத்து நிற்கப் படம் எடுத்தார்கள். இரண்டு நாள் ஆங்கிலமும் கற்பித்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் தலைவாரி, முகங்கழுவிக் காத்திருந்தார்கள். வந்தவர் எவருமில்லை. அன்று அவர்களை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு என் தலைமேல் விழுந்தது.

நன்னூலார் ஆசிரியராகத் தகாதாரைக் கூறுமிடத்து மடற்பனையையும் முடத்தெங்கையும் உவமை காட்டினார். மடற்பனை, தானே பழம் உதிர்த்தாலன்றி அணுகிக் கொள்ள இயலாதது. முடத்தெங்கு, நீர் வார்த்தவனை விடுத்து அயலான் வளவிலே காய் சொரிவது. பனை மலிந்த இத்தீவிலே முன்னதனை விளக்க வேண்டுவதில்லை. பின்னதனுக்கு, பிள்ளைகளின் படங்கள் எவ்வூர்ச் சுவரிலே தொங்குகின்றன என்று எண்ணிப் பார்க்க. நல்லாசிரியனுக்கு அவர் கூறிய உவமைகளுள் நிலமும் ஒன்று. நிலம் பெயர்ந்து போவதில்லை.

இனி, நம்மவர்பாலும் ஒரு குறை உண்டு. போர்க்காலத்திலே வடபுலப் பாடசாலைகள் பலவற்றைச் சாயாது தாங்கியவர்கள் 'தொண்டர் ஆசிரியர்' எனப்பட்ட இளைஞரும் யுவதிகளுமே. பின்னர் அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரம் அமர்ந்தபோது, "தொண்டுக்குக் கூலியா?" என்று நகைத்தாரும் நம்முள் உளர். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியகாலை, வீடுதோறும் பிடியரிசி சேர்த்தன்றோ அதனை நடத்தினார்? கற்பிப்போனுக்கும் வயிறு உண்டென்பதை அக்காலத்து மனைமகளிர் அறிந்திருந்தனர். சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஆசிரியர் பலர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் கற்பிக்கச் சென்றனர். அவர்கள் ஊதியத்துக்கே சென்றார்கள். ஆயினும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். இருநாள் தொண்டினும் அவ்வூதியப் பணியே அந்நாட்டுச் சிறாருக்கு மிகுதியும் பயன்பட்டிருக்கும் என்பது என் துணிபு.

ஆதலின் தொண்டு செய்ய வருவோரிடம் யான் கேட்பது ஒன்றே. ஒரு சோளகமும் ஒரு வாடையும் இங்கே இருங்கள். வாடிக்குப் போன பிள்ளை மீளும் நாளில் அவன் விட்ட பாடத்தோடு நீங்கள் இருத்தல் வேண்டும். ஊராரிடம் கேட்பதும் ஒன்று உண்டு. அப்படி இருப்பவரைப் பசியோடு இருத்தாதீர்கள்.

சென்ற மாதம் ஒரு தாய் இரண்டு விளைமீனை ஓலைப்பையிலே இட்டுக் கொணர்ந்து, "காசு வேண்டாமெண்டால் இதையாவது எடுங்கோ ஐயா" என்று நீட்டினாள். யானோ மரக்கறி உண்பவன். மறுத்தால் அவள் முகம் வாடுமே என்று வாங்கி, என்னோடு கணிதம் கற்பிக்கும் வேலையற்ற பட்டதாரிப் பெண்ணிடம் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை பை வரும்போது நேரே அவளிடமே போயிற்று.