அந்த அடி யார் கண்ணில் படுகிறது?

விளையாட்டில் தலையில் அடிபட்டால் பெண்கள் சொல்லிவிடுவார்கள், ஆண்கள் மறைத்துவிடுவார்கள் என்ற எண்ணம் நம் விளையாட்டு மருத்துவத் துறையில் வேரூன்றிவிட்டது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மைதான ஓரத்தில் நிற்கும் நம்முடைய விழிப்பை அது மழுங்கடித்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

உண்மை எது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பள்ளி மாணவர்கள் 1,532 பேரிடம் மெக்ரீ குழுவினர் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் பாதிப் பேர்கூட அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. காரணங்களில் முதலிடம் பெற்றது வீம்பு அல்ல, ‘இது பெரிய அடியில்லை’ என்ற நினைப்பு. ஆட்டத்தை விட்டு வெளியேற மனம் வராதது அதற்கு அடுத்துதான். மாணவ மாணவியரை ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகளில், அறிகுறிகளை அறிவதில் மாணவிகள் சற்று முன்னே நின்றார்கள். சொன்னால் மற்றவர்கள் நம்மைப் பலவீனமாக நினைப்பார்களோ என்று வாயடைத்துப்போனவர்களில் மாணவர்களே அதிகம்.

இதை வைத்துக்கொண்டு பெண்கள் அணி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. குரோஷஸ் குழுவினர் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வை நம்மில் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். ‘அடிபட்டால் சொல்வேன்’ என்றவர்களில் பெண்கள் அதிகம்தான். ஆனால் அறிகுறிகளோடு உண்மையிலேயே தொடர்ந்து ஆடினார்களா என்று கேட்டபோது இருபாலரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பிரையானா ஸ்கரி உலகக் கோப்பையும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் வென்ற கோல்கீப்பர். 2010 ஏப்ரலில் ஓர் ஆட்டத்தில் எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவருடைய நெற்றிப்பொட்டில் மோதியது. எழுந்தார், இடைவேளை வரை கோலைக் காத்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அத்தோடு முடிந்தது. தலைவலியும் மனச்சோர்வும் ஆண்டுக்கணக்கில் வாட்டின. 2013-இல் பிடரி நரம்பில் அறுவை சிகிச்சை செய்த பிறகே தலைவலி தணிந்தது. இத்தனை அனுபவம் உள்ளவரே கையைத் தூக்கி ‘என்னை வெளியே எடுங்கள்’ என்று கேட்கவில்லை என்றால், பதினைந்து வயதுப் பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மிச்சிகன் மாநிலப் பள்ளிக் கால்பந்தில் மூன்று பள்ளியாண்டுத் தரவுகளை அலசி 2021-இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. மூளை அதிர்வு விகிதம் மாணவிகளிடம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அடிபட்ட உடனே ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் வாய்ப்பு மாணவர்களுக்கே ஒன்றரை மடங்கு அதிகம். காயம் ஏற்படும் விதத்திலும் வேறுபாடு தெரிந்தது. மாணவர்கள் பெரும்பாலும் இன்னொரு வீரரோடு மோதி விழுகிறார்கள். மாணவிகளிடமோ பந்து போன்றவை தலையில் பட்டு ஏற்படும் காயங்கள் அதிகம். இரண்டு பேர் மோதி விழுந்தால் மைதானமே திரும்பிப் பார்க்கும். பந்து தலையில் பட்ட பெண் இரண்டு அடி தடுமாறி மறுபடி ஓடத் தொடங்கிவிடுவாள். மாணவிகளுக்கு விகிதம் ஏன் அதிகம் என்பதற்குக் கழுத்துத் தசை வலிமை முதல் ஹார்மோன் வரை பல விளக்கங்கள் பேசப்படுகின்றன. வெளியேற்றத்தில் உள்ள இடைவெளிக்கு அவர்கள் உடலைக் காரணம் காட்ட முடியாது. அது நம் பார்வையின் குறை.

அந்தக் குறைக்கு விலை உண்டு. எல்பின் குழுவினரின் 2016 ஆய்வில், அடிபட்டும் ஆட்டத்தைத் தொடர்ந்த இளையோர் குணமடையச் சராசரியாக 44 நாள் ஆனது. உடனே வெளியேறியவர்களுக்கு 22 நாள். பெண்கள் குணமாக அதிக நாள் எடுப்பார்கள் என்று பாடமாகவே சொல்லி வந்தோம். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் 2019 ஆய்வு அதை அசைத்துவிட்டது. அங்கே சிறப்புச் சிகிச்சைக்கு வந்து சேர மாணவர்களுக்கு 9 நாளும் மாணவிகளுக்கு 15 நாளும் ஆகியிருந்தன. முதல் வாரத்துக்குள் வந்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது குணமாகும் காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

மருத்துவ அறையில் வேறொரு சிக்கல். காயம் இல்லாத நாளிலேயே பெண்கள் தலைவலி, களைப்பு போன்றவற்றை அதிகம் குறிப்பிடுகிறார்கள். அதனால் காயத்துக்குப் பிறகு அவர்கள் சொல்வதைத் தள்ளுபடி செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஆண் வீரர் ‘எதுவும் இல்லை’ என்று அறிகுறிப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டால் அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கமும் உண்டு. இரண்டுமே தவறு. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் எடுத்த அளவோடு அவரவரை ஒப்பிடுவதே முறை. அப்போதும் அறிகுறிப் பட்டியலோடு நில்லாமல் சமநிலை, நினைவாற்றல், கண்ணசைவு ஆகியவற்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மைதானத்தில் ‘என்னம்மா, ஓகேவா?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல சார்’ என்றுதான் பதில் வரும், கேட்கப்படுவது பையனாக இருந்தாலும். அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். பந்து தலையில் பலமாகப் பட்ட ஒவ்வொரு முறையும், அடிபட்டவர் முறையிட்டாலும் இல்லாவிட்டாலும், அருகில் போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்று மீண்டும் ஆட விடாதீர்கள். அந்த முடிவு உங்களுடையதாக இருந்தால், அணியைக் கைவிட்டோம் என்ற குற்ற உணர்வை அவர் சுமக்க வேண்டியதில்லை.

மூளை அதிர்வு பற்றி இந்த இதழுக்கு அனுப்பும் நோயாளர் விவரங்களில் நான்கு தகவல்களை இனி தவறாமல் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: அடி எதனால் பட்டது, முதலில் கவனித்தவர் யார், எத்தனை நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார், எத்தனையாவது நாள் உங்களிடம் வந்தார்.