பெயரை மாற்றத்தான் வேண்டுமா?

பெயர் வைத்தாகி விட்டது. அகீகா கொடுத்து, சொந்தக்காரர்களுக்குக் கறியும் பங்கிட்டாகி விட்டது. அதற்குப் பிறகுதான் நம்முடைய பல வீடுகளில் சந்தேகம் வருகிறது. "இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று பெண் வீட்டார் யாரோ கேட்கிறார்கள். தகப்பனார் தாயைப் பார்க்கிறார். தாய் தகப்பனாரைப் பார்க்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது என்று வைத்தோம் என்பதைத் தவிர இருவரிடமும் பதில் இல்லை. சவூதியில் இருக்கும் மாமா போனில், "அப்படி ஒரு பேரே அரபியில் கிடையாது" என்கிறார். அன்றிலிருந்து பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே அந்த வீட்டில் தயக்கம்.

சகோதரரே! உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கலாம். மாற்ற வேண்டுமா, விட்டு விடலாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால், வந்திருப்பது எந்த வகைச் சந்தேகம் என்று பிரித்துப் பாருங்கள். எல்லாச் சந்தேகமும் ஒரே தரத்தில் உள்ளவை அல்ல.

பெயரின் பொருளில் வரும் சந்தேகம் நியாயமானது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரபியில் வேறு வேறாக உள்ள எழுத்துக்கள் தமிழில் ஒன்றாகி விடுகின்றன. ஆஸியா என்று எழுதுகிறோம். அலிஃபில் தொடங்கி ஸீன் போட்டு எழுதினால் அது ஃபிர்அவ்னின் மனைவியான அந்த உத்தமப் பெண்மணியின் பெயர். ஐனில் தொடங்கி ஸாத் போட்டு எழுதினால் 'மாறு செய்பவள்' என்று பொருள். உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு இந்த இரண்டாவது பெயர்தான் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை மாற்றி ஜமீலா என்று பெயரிட்டார்கள் என்று முஸ்லிம் நூலில் ஹதீஸ் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்!

அலீம் என்ற பெயரும் இப்படித்தான். ஐனில் தொடங்கினால் அறிந்தவன். அலிஃபில் தொடங்கினால் வேதனை தரக் கூடியது. ஜலீல் என்றால் மகத்துவமிக்கவன். அதையே 'தால்' எழுத்தால் எழுதினால் இழிந்தவன். இவற்றை எல்லாம் விட மோசமான ஒன்று உண்டு. ஸானியா என்ற பெயரை ஆங்கிலத்தில் 'இசட்' போட்டு எழுதினால் எடுப்பாக இருக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த உச்சரிப்பின்படி அரபியில் ஸாய் எழுத்தில் எழுதினால் அதன் பொருள் விபச்சாரி. இரண்டாமவள் என்ற பொருள் தரும் பெயர் வேறு எழுத்தில் உள்ளது. எனவே பொருள் தேடுகிறவர்கள் தமிழ் எழுத்தையோ ஆங்கில எழுத்தையோ வைத்துக் கொண்டு தேடக் கூடாது. அரபியில் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மஹல்லா மதரஸாவில் ஓதிக் கொடுப்பவரிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. நோட்டீஸ் அடிக்கப் பத்து கடை ஏறி இறங்குகிறோம். இதற்கு ஐந்து நிமிடம் இல்லையா?

பொருள் உண்மையிலேயே கெட்டது என்று தெரிந்து விட்டால் மாற்றி விடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டாம். பெருமையடிக்கும் பெயர்களும் இதில் சேரும். பர்ரா என்றால் நல்லவள், புண்ணியவதி. அதில் தற்புகழ்ச்சி இருக்கிறது என்பதற்காக அந்தப் பெயரையே நபி (ஸல்) அவர்கள் ஸைனப் என்று மாற்றியுள்ளார்கள். மன்னாதி மன்னன் என்று பெயர் சூட்டிக் கொள்வதை அல்லாஹ்விடத்தில் மிகக் கேவலமான பெயர் என்று கண்டித்தார்கள். அந்தப் பொருள் கொண்ட ஷாஹின்ஷா நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்!

ஆனால் ஒருவர் மாற்ற மறுத்த போது என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். ஹஸ்ன் என்ற பெயர் கொண்ட ஒருவரிடம், உன் பெயர் ஸஹ்ல் என்று இருக்கட்டும் என்றார்கள் நபியவர்கள். முன்னதற்குக் கரடுமுரடு என்று பொருள். பின்னதற்கு எளிது, மென்மை என்று பொருள். தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் சொல்லி விட்டார். புகாரியில் உள்ள செய்தி இது. நபியவர்கள் அவரைக் கட்டாயப்படுத்தி மாற்றி விட்டதாக அதில் இல்லை. ஆனால் அந்தக் கடுமை தங்கள் குடும்பத்தில் பிறகும் நீடித்ததாக அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் வருத்தப்பட்டுள்ளார்.

அடுத்து, மார்க்கத்தில் இல்லாத ஒரு சந்தேகம். பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது, பால் குடிக்கவில்லை, இரவெல்லாம் அழுகிறது. உடனே ஒரு பெரியம்மா, "பேரு ஒத்துக்கலை, கனமான பேரு, புள்ளை தாங்கலை" என்கிறார். எழுத்துக்கு எண் போட்டுக் கூட்டிப் பார்த்து, வேறு பெயர் எழுதிக் கொடுத்து, காணிக்கை வாங்குகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மற்றவர்கள் நியூமராலஜி என்று சொல்லி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் மூட நம்பிக்கை என்கிறோம். நம்மவர் தொப்பி போட்டுக் கொண்டு அதையே செய்தால் அது என்ன? காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் தூக்கிப் போங்கள். பெயர் பாவம், அது என்ன செய்யும்?

இதற்கு நேர்மாறாக, அரபிப் பெயராக இல்லையே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. உம்மம்மாவின் பெயரான நாச்சியாவை வைத்தால் குற்றமோ, கனி என்று சேர்க்கலாமோ என்றெல்லாம் கேட்கிறார்கள். பொருள் நல்லதாக இருந்தால் என்ன தடை? உமர், ஹம்ஸா, காலித் ஆகியோர் இஸ்லாத்தை ஏற்ற போது அறியாமைக் காலத்தில் வைத்த அதே பெயர்களோடுதான் இருந்தார்கள். பாரசீகத்தில் இருந்து வந்தவர் ஸல்மான். ஷெய்கு அப்துல் காதிர் என்ற கீழக்கரை வள்ளலைத் தமிழ்நாடு சீதக்காதி என்றுதான் இன்று வரை அறிந்திருக்கிறது. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகியவை அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. விரும்பினால் அதையே வையுங்கள். வைத்து விட்டு, கடையில் "டேய் ரஹ்மான், மூட்டையை இறக்கு" என்று கூப்பிடாதீர்கள். அப்துர் ரஹ்மான் என்றால் ரஹ்மானின் அடிமை. அடிமையை வெட்டி விட்டு ரஹ்மானை மட்டும் வைத்துக் கொள்கிறோம். வங்கியிலும் விமானத்திலும் இதற்கு எதிராக ரஹ்மானை வெட்டி விட்டு 'மிஸ்டர் அப்துல்' என்கிறார்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைத் தகப்பனார்கள் வாய் விட்டுச் சொல்வதில்லை. படித்த, நல்ல வேலையில் உள்ள இளைஞர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். "முஸ்லிம் என்று உடனே தெரியாத பெயராக வைத்திருக்கலாமோ?"

இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க நமக்கு மனமில்லை. காரணம் இல்லாமல் வந்த அச்சம் அல்ல இது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2007ல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயருக்கு வந்த அளவு அழைப்பு தலித் பெயருக்கு வரவில்லை. முஸ்லிம் பெயருக்கு அதையும் விடக் குறைவு. படிப்பு ஒன்று, மதிப்பெண் ஒன்று, பெயர் மட்டும் வேறு! நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அவர்களையே 2009ல் டெல்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் உடல் சோதனை செய்தார்கள். 2011ல் நியூயார்க்கிலும் சோதனை செய்தார்கள். வீடு வாடகைக்குக் கேட்கும் போது அட்வான்ஸ் எவ்வளவு என்பது வரை நன்றாகப் பேசி விட்டு, பெயரைச் சொன்னதும் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கதவைச் சாத்துவது சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் கேட்கிறோம். பெயரை மறைத்தால் வாடகைக்கு வீடு கிடைத்து விடுமா? தகப்பன் பெயர் எங்கே போகும்? தாயின் பெயர், பள்ளிச் சான்றிதழ், வெள்ளிக் கிழமை மதியம் ஒரு மணிக்குக் கேட்கும் அனுமதி, இவை எல்லாம் எங்கே போகும்? பாட்டனார் சாகுல் ஹமீது, தகப்பனார் காதர் மைதீன், பிள்ளை மட்டும் எந்த மதம் என்று தெரியாத இரண்டெழுத்து என்றால், அந்த இரண்டெழுத்து எத்தனை நாளைக்குக் காப்பாற்றும்? தப்பு செய்தது பெயரைக் கேட்டு ஒதுக்குகிறவன். அவனுக்காக நாம் ஏன் திருத்திக் கொள்ள வேண்டும்? பொருள் நல்லதாக உள்ள, எல்லா மக்களும் வைக்கிற சிறிய பெயரை விரும்பி வைத்தால் மார்க்கத்தில் குற்றமில்லை. பயந்து வைக்காதீர்கள் என்பதுதான் நம் கருத்து.

மாற்றுவது என்று முடிவு செய்தவர்களுக்குக் காலக்கெடு இருக்கிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பிறகு 12 மாதத்திற்குள் கட்டணம் இல்லாமலும், அதற்குப் பின் 15 வயது வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். ஒரு முறை சேர்த்து விட்டால் எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. மாற்றுவதற்கு அரசிதழில் வெளியிடுவது வரை அலைய வேண்டி வரும். ஆகவே ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டிய உடனே வாயில் வந்த பெயரை எழுதாதீர்கள். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கான ஆதாரம். பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்த காலம் அவர்களுக்கு இல்லை.

வெளிநாட்டு வியாபாரத் தொடர்பு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. இனிஷியலோடு வாழ்ந்து பழகிய நம் மக்கள் அந்த நாட்களில் கலங்கிப் போனார்கள். முஹம்மது என்பதையே தகப்பனுக்கு ஒரு ஸ்பெல்லிங், மகனுக்கு ஒரு ஸ்பெல்லிங், மூன்றாவது இடத்தில் 'எம்.டி.' என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் என்று எழுதி விட்டுப் பிறகு சான்றொப்பத்திற்கு அலைகிறவர்கள் எத்தனை பேர்!

நகராட்சிக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு தாளில் பெயரை அரபியில், தமிழில், ஆங்கிலத்தில் என்று மூன்று வரியாக எழுதிக் கொள்ளுங்கள். தகப்பன் பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்பெல்லிங்கோடு ஒத்துப் பாருங்கள். அங்கே கணினியில் அடிப்பவரிடம் வாயால் சொல்லாமல் அந்தத் தாளையே கொடுங்கள். அவர் அச்செடுத்துக் கொடுத்ததை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.