இல்லற நலம்: அச்சமே நோயாகும்போது

நிக்காஹ் முடிந்து சில நாட்களே ஆன ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். திருமணக் களைப்பாலும் பதற்றத்தாலும் முதலிரவில் தாம்பத்திய உறவு கைகூடவில்லை. இஃது எவருக்கும் நேரக்கூடியதே. அவரோ, 'எனக்கு ஆண்மை இல்லை' என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிவிடுகிறார். மறுநாள் அந்த நினைவோடுதான் மனைவியை நெருங்குகிறார், மீண்டும் தோல்வி. வெட்கத்தால் விலகிப் படுக்கிறார். 'என்னைப் பிடிக்கவில்லை போலும்' என்று மனைவி மனம் குமைகிறார். சில மாதங்களில் பெரியவர்களின் பேச்சில் தலாக், குலா என்ற சொற்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன.

உடலில் நடப்பதென்ன? மனம் அமைதியாக இருக்கையில், நரம்புகள் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. குருதி நிறைந்து உறுப்பு விறைப்படைகிறது. அச்சத்தில் பெருகும் அட்ரினலின் அக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. 'இயலுமா, இயலாதா?' என்று தம்மையே கண்காணிக்கும் நினைப்புதான் இயலாமையை உண்டாக்குகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை விளக்கியுள்ளனர்.

நம் நாட்டில் இவ்வச்சத்திற்கு இன்னொரு வேரும் உண்டு. ஒரு துளி விந்து பல துளி இரத்தத்திற்குச் சமம், அது கழிந்தால் உடல் அழியும் என்ற நம்பிக்கையே அது. இதனால் விளையும் மனக்கலக்கத்திற்கு 1960இல் 'தாத்து நோய்க்குறி' எனப் பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக். தூக்கத்தில் விந்து வெளிப்படுவது நோயன்று, இயற்கையே. ஆயினும் இந்த அச்சத்தை முதலாகக் கொண்டே விடுதி அறைகளில் முகாமிடும் போலி வைத்தியர்கள் ஆயிரக்கணக்கில் பணம் பறிக்கின்றனர்.

அதிகாலையில் விறைப்பு இயல்பாக ஏற்படுமாயின், பெரும்பாலும் குறை உடலில் இல்லை, மனத்தில்தான் என்று கொள்ளலாம். எனினும் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். நடுத்தர வயதில் புதிதாகத் தோன்றும் குறை, இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும். எனவே பரிசோதனை தேவை. கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்ணற்க. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோர்க்கு அம்மாத்திரை உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

புதுவை மக்கள் இதற்காகத் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் உள்ளது. அங்கு மனநலப் பிரிவும் இயங்குகிறது. மனநல மருத்துவரை நாடுவது பைத்தியத்தின் அடையாளமன்று. மருத்துவர் கணவன், மனைவி இருவரையும் அழைத்துப் பேசுவார். சில வாரங்கள் உறவைத் தவிர்த்து, அன்பான நெருக்கத்தை மட்டும் கைக்கொள்ளச் சொல்வார். தேர்வு இல்லையென்றால் தோல்வியும் இல்லை. அச்சம் அகல, இயல்பு தானே திரும்பும்.

சகோதரர்களே, முதலில் மனைவியிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பெற்றோர்களே, பிரிவைப் பற்றிப் பேசுமுன் மருத்துவரிடம் செல்ல வழிவிடுங்கள். தீரக்கூடிய ஓர் அச்சத்திற்காக ஒரு குடும்பம் குலைய வேண்டாம்.